முறை வைத்துப் பிறக்கும் பிள்ளைகள்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், தொட்டது துலங்கும் கைராசிக்காரர் என்று சேலத்திலிருந்து நாமக்கல் வரை நல்ல பெயர் வாங்கிய, இந்த மருத்துவமனையின் நிறுவனர் மருத்துவர் ஜெகதீஸ்வரன் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் முத்தாய் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே! மஞ்சள் பூசி, மலர் சூடி, மடி நிறைந்து, மனம் நிறைந்து, வரிசை வரிசையாய் வளையலுக்குக் காத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சித் தங்கங்களே! அந்தத் தங்கங்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே! துணைக்கு வந்திருக்கும் மாமியார்மார்களே!

மாமியார் என்றதும் அங்கே ஒரு சிரிப்பு எழுகிறது. சிரியுங்கள். நானும் மாமியார்தான். அந்த உரிமையில்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

சுவரோரம் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் கணவன்மார்களே, உங்களுக்கும் என் வணக்கம். முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். இன்றைக்கு நான் சொல்வதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. நிறைவாக, வெள்ளை அங்கி அணிந்து, வளையல் தட்டை ஏந்தி, மண்டபத்தின் ஓரத்தில் நிற்கும் என் மருத்துவச் செல்வங்களே! எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு நிற்பதற்கென்றே பிறந்த பெண்களே! உங்கள் எல்லோருக்கும் உஷாராணியின் வணக்கம்.

வளைகாப்பு விழா அழைப்பிதழில் 'வாழ்த்துரை' என்று அச்சடித்திருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாழ்த்து நெஞ்சிலிருந்து நாவுக்கு வருகிற வழியில் ஒரு துக்கம் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி அனுப்பினால்தான் பின்னால் நிற்கும் வாழ்த்து வெளியே வரும். நல்ல காரியத்தில் இழவைப் பேசலாமா என்று நினைப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல காரியம் நடந்த நாளில்தான் அந்த இழவும் நடந்தது.

நான் சங்ககிரிக்காரி. அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் மகன் தர்ஷன் அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மனைவி, என் மருமகள், இதோ இந்த மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் தமிழினி. உங்களில் பாதிப்பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தேதி சொன்னவள் அவள்தான். கைதட்டுகிறீர்கள். அவளுக்குக் கைதட்டல் பிடிக்காது, இருந்தாலும் தட்டுங்கள்.

இந்த மகப்பேறுப் பிரிவில் இளம் மருத்துவர்கள் மூன்று பேர். பிரவீனா, சௌமியா, தமிழினி. மூவரும் படித்தவர்கள், மூவரும் மணமானவர்கள், மூவரும் ஊரார் பிள்ளையைத் தம் கையில் ஏந்திக்கொண்டே தமக்கொரு பிள்ளை வேண்டும் என்று ஏங்கியவர்கள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எந்த நிர்வாகமும் போடாத, எந்தத் தாளிலும் ஏறாத ஒப்பந்தம். ஒருத்தி பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்தவள் கருத்தரிக்க வேண்டும். மூத்தவள் பிரவீனாவுக்கு முதல் முறை. அடுத்தது சௌமியா. கடைசியில் தமிழினி.

நம் பக்கத்தில் பங்காளிகள் பங்குக் கிணற்றுக்கு முறை வைப்பதைப் பார்த்திருக்கிறோம். இன்று உன் முறை, நாளை என் முறை என்று மோட்டார் போடுவோம். வற்றிய கிணறு, வேறு வழியில்லை, வைத்தோம். பயிருக்கு முறை வைத்ததைப் பார்த்த தாய்மார்களே, வயிற்றுக்கு முறை வைத்ததைப் பார்த்ததுண்டா? கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் கரு தங்காமல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த சௌமியா, பிரவீனா திரும்பி வரட்டும் என்று அந்த வைத்தியத்தை நிறுத்தி வைத்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளே நிறுத்தினாள். வயது என்ன நின்றா காத்திருக்கும்?

ஏன் இப்படி, விடுப்பு கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. சட்டம் ஆறு மாதம் தருகிறது. ஐயா ஜெகதீஸ்வரன் அவர்களும் தருகிறார். பொய் சொல்ல என் நாக்கு கூசும். பிரவீனா விடுப்பில் போனபோது இனிப்பு வாங்கிக்கொடுத்துத்தான் வழியனுப்பினார். குறை அதில் இல்லை. அவள் நின்ற இடத்தில் நிற்க வேறொரு டாக்டரை அவர் போடவில்லை. மூன்று பேர் இழுத்த தேரை இரண்டு பேர் இழுத்தார்கள். பிரவீனாவின் விடுப்பு எங்கே இருந்து வந்தது? சௌமியாவின் தூக்கத்திலிருந்து வந்தது. தமிழினியின் சோற்று நேரத்திலிருந்து வந்தது. விடுப்பு கொடுத்தீர்கள் ஐயா, ஆள் கொடுத்தீர்களா?

சங்ககிரியில் எங்கள் தெருவில் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கு உடம்பு சுகமில்லை என்றால் உரிமையாளர் என்ன செய்கிறார்? ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறார். சிமெண்ட் மூட்டை நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டுமே! மூட்டைக்கு இருக்கிற கவலை பிள்ளைக்கு இல்லையா? நாமக்கல் முட்டை ஏற்றிப் போகிற வண்டிக்கு மாற்று ஆள் உண்டு, உயிர் இறக்கி வைக்கிற அறைக்கு மாற்று ஆள் கிடையாதா?

தமிழினிக்கு முறை வரவில்லை. ஆனால் கரு வந்துவிட்டது. பிரவீனா வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலத்தில், சௌமியா காத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கொண்டாட்டம். தர்ஷன் பட்டறை முழுவதற்கும் பிரியாணி போட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "ஆஸ்பத்திரியிலயே இருக்கற புள்ள, நமக்கென்ன விசனம்?" நியாயமான பேச்சுத்தானே? சுற்றிலும் டாக்டர்கள், சுற்றிலும் கருவிகள். வீடு ஆஸ்பத்திரியை நம்பியது. ஆஸ்பத்திரிக்கோ அவள் சொல்லவே இல்லை.

ஆம், தாய்மார்களே. ஊருக்கெல்லாம் கரு சோதித்தவள் தன் கருவை ஒளித்துவைத்தாள். தான் உண்டானது தெரிந்தால் சௌமியாவின் முறை போய்விடும். தானும் விடுப்பில் போனால் சௌமியா தனியாக நிற்பாள். பிரவீனா வந்து சேரும்வரை தாக்குப்பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தொளதொளவென்று அங்கி போட்டுக்கொண்டாள். வேறு ஊருக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஓரிரு முறை சோதித்துக்கொண்டாள். மீதி நாளெல்லாம் தானே டாக்டர், தானே நோயாளி. வழி தவறிப் பிள்ளை சுமந்த பெண்கள் வயிற்றை மறைப்பார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறேன். தாலி கட்டி, தகப்பன் பெயர் சொல்லி, தலைச்சன் பிள்ளை சுமந்தவள் மறைத்ததை என் வீட்டில்தான் கண்டேன்.

அங்கே ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார். எனக்குக் காது கூர்மை ஐயா, வகுப்பறையில் வளர்ந்த காது. "பொம்பள டாக்டர வெச்சா இதுதான் தொல்ல" என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணை இங்கே அழைத்து வந்தபோது வரவேற்பறையில் முதலில் என்ன கேட்டீர்கள்? "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்றுதானே? உங்கள் பிள்ளைக்குப் பிரசவம் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும், அந்தப் பெண் டாக்டருக்குப் பிரசவமே வரக்கூடாது. நல்ல நியாயம்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் ஐயா. உட்காருங்கள், உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

சென்ற ஆண்டு இதே விழா. சேலத்தில் இதே ஃபேர்லேண்ட்ஸ் பகுதி, இதே மண்டபம். தமிழினி ஏழாம் மாதம் நிறைந்தவள். அந்த மாதத்தில் அவளை மணையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கைநிறைய வளையல் அடுக்கியிருக்க வேண்டும். அவளோ இந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வளையல் அடுக்கிக்கொண்டே போனாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். தம்மம்பட்டியிலிருந்து வந்திருந்த ராசாத்தி அவள் காலைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். நின்றுகொண்டே இருப்பதால்தான் என்று சொல்லிச் சிரித்தாளாம் என் மருமகள். காலையிலிருந்து மண்டை பிளக்கிற தலைவலி. அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? அந்த நோய்க்குப் புத்தகம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்லவா? இன்று ஒருநாள் போகட்டும் என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒருநாள்தான் போய்விட்டது.

வளையல் போட்ட கையோடு ராசாத்திக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளையின் துடிப்பு குறைகிறது, உடனே அறுவை செய்யவேண்டும். சௌமியா முந்தைய இரவெல்லாம் நின்று உழைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தாள். பிரவீனா கைக்குழந்தையோடு விடுப்பில். இருந்தது தமிழினி ஒருத்தி. செய்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தப் பிள்ளை இன்று தாயின் இடுப்பில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. ராசாத்தி, கண்ணைத் துடைத்துக்கொள் அம்மா. உன்மேல் என்ன குற்றம்? உன் பிள்ளை நூறாண்டு வாழட்டும்.

ராசாத்திக்குத் தையல் போட்டு முடித்து, கையுறை கழற்றி, குழாயடியில் கை கழுவப் போனவள் அப்படியே சரிந்தாள். வலிப்பு. ரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறியிருந்தது. ஓடிவந்து தூக்கிய செவிலிப் பெண்கள் அங்கியை விலக்கிய பிறகுதான் அந்த அறைக்கு அவள் கர்ப்பிணி என்று தெரிந்தது. சௌமியாவை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். தோழியின் வயிற்றைத் தோழியே அறுத்தாள். பெண் குழந்தை. அழவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அழவே இல்லை.

என் பேத்திக்குப் பெயர் கிடையாது தாய்மார்களே. பெயர் வைக்க நேரம் கொடுக்காமல் போய்விட்டாள்.

யாரும் கைதட்ட வேண்டாம். தலையாட்டவும் வேண்டாம். கேளுங்கள்.

தமிழினி பிழைத்தாள். கண் விழித்தாள். பக்கத்தில் நான் இருந்தேன், தர்ஷன் இருந்தான். பிள்ளை எங்கே என்று கேட்பாள், என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தோம். அவள் கேட்டது, "டூட்டிக்கு யாருங்க அத்த இருக்காங்க?" என்று. அதற்குப் பிறகுதான் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தாய்க்குத் தன் பிள்ளைக்கு முன்னால் வேலை நினைவு வந்தால் அவள் கல் நெஞ்சக்காரியா? இல்லை. அந்தக் கவலையை அவள் தலையில் கல்லாக ஏற்றி வைத்தவர்கள் யார்? அதைத்தான் கேட்கிறேன்.

ஐயா ஜெகதீஸ்வரன் அவர்கள் வந்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார்கள். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா லீவு குடுத்திருக்க மாட்டனா?" என்றார்கள். கொடுத்திருப்பீர்கள் ஐயா. சத்தியமாகக் கொடுத்திருப்பீர்கள். கொடுத்துவிட்டு யாரை அழைத்திருப்பீர்கள்? சௌமியாவை. 'கொஞ்சம் பார்த்துக்கொள் அம்மா' என்று சொல்லியிருப்பீர்கள். மாதக்கணக்கில் ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அது தமிழினிக்குத் தெரியும். அதனால்தான் அவள் வாய் திறக்கவில்லை. விடுப்பு கொடுத்தீர்கள், ஆள் கொடுத்தீர்களா?

அன்று தாழ்வாரத்தில் சௌமியா என் தோளில் விழுந்தாள். எனக்கும் ஆத்திரம். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஒருத்திக்குமா தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. "தெரியுமுங்கம்மா. அஞ்சாம் மாசத்துலயே எனக்குத் தெரியும். கேட்டா ஆமான்னு சொல்லிருவா. சொல்லிட்டா எம் முறை போயிரும். அதனால நாங் கேக்கவே இல்லீங்கம்மா."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா? ஒருத்தி சொல்லவில்லை, தோழிக்குத் துரோகமாகிவிடும் என்று. மற்றொருத்தி கேட்கவில்லை, தன் கனவு கலைந்துவிடும் என்று. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்களுக்கு வாயும் போயிற்று, வயிறும் போயிற்று. இரண்டு நல்ல பெண்களை இப்படி எதிரெதிரே நிறுத்தியது எது? அவர்கள் மனமா? மூன்று பேர் செய்கிற வேலைக்கு மூன்றே பேர் என்று அளந்து வைத்த நம் கஞ்சத்தனமா?

துண்டுச்சீட்டு வருகிறது. கலவைச் சாதம் தயாராக இருக்கிறதாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பசிக்கும், தெரியும். முடித்துவிடுகிறேன். கொடுமையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கொஞ்ச மாதம் கழித்து, பிரவீனா வேலைக்குத் திரும்பிய பிறகு, சௌமியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அறைக்குள் தமிழினியோடு உட்கார்ந்திருந்தாள். நான் காபி கொண்டு போனேன். "எம் முறைய நீ எடுத்துக்க தமிழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதைக் கொடுக்கிறாள் பாருங்கள்! புடவையா, நகையா? தன் வயதைக் கொடுக்கிறாள். தமிழினி வேண்டாம் என்றாள். இவள் விடவில்லை. பரிகாரம் செய்கிறாளாம். செய்யாத பாவத்துக்குப் பரிகாரம். இருவரும் அழுதார்கள். காபி ஆறிப்போயிற்று.

தமிழினிக்கு இன்னும் கரு தங்கவில்லை. உடம்பு தேறவேண்டும், மனமும் தேறவேண்டும். இதற்கிடையில், மருந்தை நிறுத்தியிருந்த, நம்பிக்கையை விட்டிருந்த சௌமியாவுக்குத் தானாகவே கரு தங்கிவிட்டது. ஆண்டவன் கணக்கு நமக்குப் புரிவதில்லை. வேறொரு வீடாக இருந்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியிருப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சென்ற வாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. தமிழினியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என்னய மன்னிச்சுக்க தமிழு. நான் வேணும்னு பண்ணல" என்றாள்.

தாய்மார்களே! ஆண்டாண்டாய்த் தவமிருந்து தாயானவள், தாயானதற்கு மன்னிப்புக் கேட்டாள்! கொள்ளை அடித்தவன் மன்னிப்புக் கேட்பதில்லை, கொலை செய்தவன் மன்னிப்புக் கேட்பதில்லை, கரு சுமந்தவள் மன்னிப்புக் கேட்டாள்! இது எந்த ஊர் நியாயம்? இது எந்தக் காலத்து அறம்? இதையா நாம் படிக்கவைத்தோம்? இதற்கா ஊரே கூடி, 'எங்கள் வீட்டுப் பெண் டாக்டர்' என்று பதாகை வைத்தோம்?

யாருக்கும் சொல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாளே அவள், அது தமிழினி போட்ட அதே கணக்கு. தமிழினி வாசலுக்கு ஓடி அவள் கூப்பிய கையைப் பிரித்தாள். என் பக்கம் திரும்பி, "அத்த, மேடைல சொல்லிப்போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிப்போடுங்க" என்றாள். சௌமியாவும் சரி என்று தலையசைத்தாள். அந்த அனுமதியோடுதான் பேசுகிறேன். ஒரு பெண்ணின் இரகசியத்தை நான் திருடிக்கொண்டு வந்து கடைவிரிக்கவில்லை.

ஐயா, நிறுவனர் அவர்களே. உங்கள்மேல் எனக்குப் பகையில்லை. நீங்கள் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். நல்லவரிடம் கேட்பதுதான் கடினம். மகப்பேறு விடுப்பில் ஒரு மருத்துவர் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் சம்பளம் கொடுத்து இன்னொரு மருத்துவரைப் போடவேண்டும். இதுதான் என் கோரிக்கை. ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். தேடினீர்களா? செலவு என்பார்கள். இந்த மண்டபத்துக்கு மின்விளக்குத் தோரணம் செலவில்லாமலா வந்தது? ஆள் கொடுக்காத விடுப்பு விடுப்பு ஆகாது ஐயா. அது தோழியின் தலையில் இறக்கி வைக்கிற சுமை. அந்தச் சுமைக்குப் பயந்து பெண்கள் கருவை ஒளிப்பார்கள். ஒளித்துவைத்த கரு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் அந்த அறையில் நின்றீர்கள்.

சௌமியா, தட்டைக் கீழே வை சாமி. வரிசையில் ஓர் இடம் விடச் சொல்லியிருக்கிறேன், வந்து உட்கார். தமிழினி, அவளைக் கைப்பிடித்து அழைத்து வா. சௌமியா, மெல்ல வா கண்ணு. இத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று. இனி நீ ஒளிக்க ஒன்றுமில்லை.

ஐயா, அவளுக்கு ஐந்தாம் மாதம். அவள் விடுப்பில் போகும் நாளில் அவள் இடத்துக்கு வரப்போகிற டாக்டர் யார்? இந்தத் தாய்மார்கள் அறியச் சொல்லுங்கள். உங்கள் பதில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நல்ல பதில் வரும் என்று நம்பிக்கொண்டு நான் வரவில்லை. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டதால் வந்தேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும், பசியோடு கேட்ட பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், இன்னும் பிறக்காமல் உள்ளிருந்து கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லி, வணங்கி முடிக்கிறேன். ஒலிபெருக்கி தலைவர் அவர்களுக்கு. அவர் பேசும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.